சொத்தில் ஒரு பங்கை அறத்துக்கு எழுதி வைப்பது எப்படி?

மதுரைப் பக்கத்துப் பழைய உயில்களில் ஏறக்குறைய இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி வரும்: “மேற்படி வீட்டின் வாடகை வரும்படியிலிருந்து வருஷந்தோறும் சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி தர்மம் நடத்தி, மிச்சத்தை என் மக்கள் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

மண்டகப்படி என்பது திருவிழாவில் சாமி வந்து தங்கும் மண்டபத்தில் ஒரு குடும்பம் தன் செலவில் செய்யும் உபசாரம். எழுதியவருக்கு அதில் சந்தேகம் எதுவும் இருந்திருக்காது. மூன்றாம் தலைமுறையில்தான் கேள்விகள் கிளம்பும். வீடு சாமிக்கா, வாரிசுகளுக்கா? நாற்பது ரூபாய் வாடகை நாற்பதாயிரம் ஆன பிறகு மண்டகப்படிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு? நடத்துவது மூத்த மகன் வகையறாவா, மகள் வகையறாவா? வீட்டை விற்கலாமா? நீதிமன்றத்தில் இது “சொத்து முழுவதும் அறத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டதா, அல்லது சொத்தின் மீது அறச்செலவு ஒரு பொறுப்பாக மட்டும் வைக்கப்பட்டதா” என்ற வழக்காக மாறும். அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்க, மண்டகப்படி நின்றுபோகும்.

குடும்பத்துக்கானதையும் அறத்துக்கானதையும் ஒரே வரியில் கலந்து எழுதியதுதான் இத்தனைக்கும் காரணம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் பிரித்து எழுதுவதற்கானவை.

தொடங்குமுன் ஒரு தெளிவு. இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி 1985 முதல் கிடையாது. ஆகவே வாரிசு வரியை மிச்சப்படுத்த டிரஸ்ட் என்பது இங்கே பொருந்தாத பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், “ஆயுள் வரை வருமானம் நமக்கு, பிறகு மிச்சம் தருமத்துக்கு என்று ஒரே டிரஸ்டாகப் போட்டுவிடலாம், வரிச்சலுகை உண்டு” என்று சொல்வார்கள். அது அந்த ஊர்ச் சட்டம். நம் வருமான வரிச் சட்டப்படி 1962 ஏப்ரலுக்குப் பின் உருவான அறக்கட்டளையின் சொத்து முழுவதும் அறத்துக்கே இருக்க வேண்டும். பாதி குடும்பத்துக்கு, பாதி ஊருக்கு என்று எழுதினால் விலக்கு கிடைக்காது. ஆயுள் வரை குடும்பத்துக்கு, பிறகு அறத்துக்கு என்ற ஏற்பாட்டை இங்கே உயில் மூலம் செய்யலாம். அது பின்னால் வருகிறது.

1. டிரஸ்ட் உண்மையிலேயே வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டியதில்லை. தருமம் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன; டிரஸ்ட் அவற்றில் அதிக வேலை வைப்பது.

முதல் வழி, நேரடியாகக் கொடுத்துவிடுவது. 2024 தொடக்கத்தில் மதுரை யா.கொடிக்குளத்தில் வங்கி ஊழியரான ஒரு தாய், மறைந்த மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஒரே பத்திரம், வேலை முடிந்தது. ஆடிட்டரும் வேண்டாம், ஆண்டுக் கூட்டமும் வேண்டாம்.

இரண்டாவது, ஏற்கெனவே நன்றாக நடக்கிற கல்லூரி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தொகையை முதலாகப் போட்டு, வட்டியில் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உதவித்தொகை கொடுக்கச் சொல்வது. கோயிலுக்கு என்றால் கட்டளை, அதாவது குறிப்பிட்ட பூஜைக்கோ விழாவுக்கோ ஒதுக்குவது. ஐந்து லட்சம், பத்து லட்சம் அளவில் யோசிப்பவர்களுக்கு இதுதான் எங்கள் யோசனை. பத்து லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடம் 70,000 ரூபாய். தனி டிரஸ்டாக நடத்தினால் கணக்கெழுதுவதற்கும் வரிப் படிவங்களுக்கும் அதில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

மூன்றாவதுதான் சொந்த அறக்கட்டளை. வாடகை வரும் கட்டடம், பெரிய வைப்புத்தொகை, உங்களுக்குப் பின் நடத்த மனமுள்ள இரண்டு மூன்று பேர் ஆகிய மூன்றும் இருந்தால் இறங்கலாம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதல் இரண்டும் இருந்து பயனில்லை. சின்னதாகத் தொடங்குவதில் குறை ஒன்றுமில்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பின்னாலும் ஓர் அறக்கட்டளைதான் இருந்தது.

2. கொடுக்கப்போவது உங்களுடையதா?

சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். 2005 திருத்தத்துக்குப் பின் மகள்களும் பிறப்பாலேயே பங்குதாரர்கள் என்பதால், “மகள்களுக்குக் கல்யாணத்திலேயே செய்தாச்சு” என்று அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். பூர்வீகம் கலந்திருந்தால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உங்கள் பங்கு இது என்று பிரித்துக்கொண்டு அதிலிருந்து கொடுங்கள்.

மனைவி பெயரில் வாங்கிய வீடு பொதுவாக மனைவியுடையது. கணவர் தன் உயிலில் அதை எழுதினால் அந்த வரி செல்லாது. இருவரும் தனித்தனி உயில் எழுத வேண்டும்.

முஸ்லிம்கள் வசிய்யத்து (உயில்) மூலம் வாரிசு அல்லாதவருக்கோ அறத்துக்கோ மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுதலாம். மீறினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு, நெருங்கிய உறவு இருக்கும்போது அறத்துக்கு எழுதும் உயில் இறப்புக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உச்ச நீதிமன்றம் 2003-இல் அதை நீக்கிவிட்டது. இன்னும் சில பத்திர எழுத்தர்கள் அந்தப் பழைய விதியைச் சொல்லி பயமுறுத்துகிறார்கள்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசன நஞ்சை எழுதுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நிலத்தில் குத்தகைக்காரர் இருந்தால், பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலத்துக்கென்றே 1961-இல் வந்த தமிழகச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. டிரஸ்ட் நினைத்தபோது நிலத்தைக் காலி செய்ய முடியாது. நில உச்சவரம்பையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாக, தருமத்துக்கு நிலத்தைவிட வாடகைக் கட்டடம் நல்லது. அதைவிட வங்கி வைப்பு நல்லது. நிலத்துக்குக் காவல் வேண்டும். பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளினால் கேட்க ஆள் வேண்டும்.

மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது நான்கையும் ஒரு கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் நீங்கள் இருக்கும்போதே மாற்றுங்கள். உங்களுக்கு ஒரு மாத வேலை. அறங்காவலருக்கு அது ஐந்து வருட வழக்காக ஆகலாம்.

3. முதலில் வீட்டுக்காரம்மாவுக்கு

தனக்கு மிஞ்சித்தான் தருமம் என்பது சட்டத்துக்கும் பொருந்தும். வாழ்க்கைத்துணைக்குத் தங்க இடமும் மருத்துவச் செலவுக்குப் பணமும் ஒதுக்காமல் எழுதிய உயில், “சுயநினைவோடு எழுதினாரா?” என்ற சந்தேகத்தைத் தானே கிளப்பும். பிள்ளைகளுக்கு எவ்வளவு, அறத்துக்கு எவ்வளவு என்பதை அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்குகிற தொகையானால், அது எழுதத் தக்க தொகையா என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.

4. நோக்கத்தை எழுதுவது

அறக்கட்டளைப் பத்திரத்தில் பெரும்பாலும் தப்பு நடக்கும் இடம் இது.

“என் சொத்து தர்மத்துக்கு” என்று மட்டும் எழுதினால் செல்லாது. 1899-லேயே, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், “தர்மம்” என்ற சொல் எந்தச் செயலையும் குறிப்பாகச் சுட்டவில்லை என்று அத்தகைய உயில்கொடையைத் தள்ளுபடி செய்தது. “நல்ல காரியங்களுக்கு” என்பதும் அதே ரகம். கல்வி, மருத்துவ உதவி, ஏழைகளுக்கு உணவு, நீர்நிலைப் பாதுகாப்பு என்று வகையின் பெயர் சொல்ல வேண்டும்.

“என் சமாதியில் தினமும் விளக்கேற்றி, வருஷம் குருபூஜை நடத்த” என்றும் எழுதுகிறார்கள். சாதாரண மனிதரின் சமாதிப் பூஜைக்குச் சொத்தை நிரந்தரமாக ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1953-இல் சொல்லிவிட்டது. நினைவுநாளில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் சாப்பாடு என்று மாற்றினால் அது அறமாகிவிடும்.

“என் வம்சத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு” என்பது தனியார் டிரஸ்ட். அதைச் செய்யலாம், ஆனால் அது வேறு சட்டம், வேறு வரி. ஒரு குறிப்பிட்ட சாதியாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் என்று எழுதினால் வருமான வரி விலக்கு கிடையாது. சமூகத்தார் திரட்டும் மகமை நிதியும் உறவின்முறைப் பள்ளியும் பார்த்து வளர்ந்த ஊரில் இதைச் சொன்னால் வருத்தப்படுவார்கள். ஆனாலும் 1962-க்குப் பின் தொடங்கும் டிரஸ்டுக்கு விதி அதுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் என்று வகுப்பாக எழுதுவதற்குத் தடையில்லை.

அடுத்து, தொகையை ரூபாயில் எழுதாதீர்கள். “வருஷம் இருபத்தைந்து ரூபாய் செலவில் பத்துப் பேருக்கு அன்னதானம்” என்று எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு இன்று பத்துப் பேருக்கு டீகூட வாங்க முடியாது. “நிகர வருமானத்தில் அறுபது சதவீதம்” என்று பங்காக எழுதினால் காலம் மாறினாலும் பொருள் மாறாது.

செய்முறையையும் இறுக்கிக் கட்டாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்று நோக்கத்தில் எழுதினால், அரசே பதினோராம் வகுப்பில் இலவசமாகக் கொடுத்துவிடும்போது டிரஸ்ட் விழிக்கும். வழிப்போக்கர் சத்திரங்களுக்கு வந்த நிலைமையும் அதுதான். பொது அறத்தின் நோக்கம் நடைமுறைக்கு உதவாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய இன்னொரு நோக்கத்துக்கு நீதிமன்றம் திருப்பிவிட முடியும். அதற்கு வழக்குப் போட வேண்டும், வருடங்கள் ஆகும். பத்திரத்திலேயே இப்படி இடம் விட்டால் அந்தத் தொல்லை இல்லை:

“மதுரை மாவட்டத்தில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் கல்விக்கு உதவுதல், குறிப்பாக, ஆனால் அவற்றோடு நில்லாமல், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், பயணச்செலவு ஆகியவற்றுக்கு உதவுதல். இவற்றில் ஒன்று தேவையற்றுப் போனால் அறங்காவலர்கள் நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மையில் கல்வி சார்ந்த வேறு உதவிக்கு அந்தத் தொகையைச் செலவிடலாம்.”

கோயில் காரியத்தை இதே பத்திரத்தில் சேர்க்க வேண்டாம். காரணம் இரண்டு. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் மத நோக்கமுள்ள டிரஸ்டுக்குக் கிடைக்காது. மதச் செலவு வருமானத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல். இரண்டாவது, ஒரு கோயிலில் குறிப்பிட்ட பூஜைக்கோ திருவிழாவுக்கோ சொத்தை ஒதுக்கினால் அது 1959 அறநிலையத்துறைச் சட்டப்படி கட்டளையாகிவிடும். அதன்பின் விற்கவும், அடமானம் வைக்கவும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும். கட்டளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகர் ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் காட்டும் இரவைப் பார்த்தவர்களுக்கு மண்டகப்படியின் அருமை தெரியும். அதற்கு ஒரு வைப்புத்தொகையைத் தனியாகக் கோயிலோடு எழுதுங்கள். கல்வி, மருத்துவத்துக்கு டிரஸ்ட் தனியாக இருக்கட்டும்.

5. யார் நடத்துவது?

மூன்று அல்லது ஐந்து அறங்காவலர்கள். இரட்டைப்படை வேண்டாம், சரிபாதியாகப் பிரிந்தால் காசோலையில்கூடக் கையெழுத்து விழாது. ஐவரில் குறைந்தது மூவர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கி மேலாளர் மாதிரி கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நல்லது. பெரிய மனிதர்களைப் பெயருக்குப் போட்டால் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

“எனக்குப் பின் என் மூத்த ஆண் வாரிசு பரம்பரையாக” என்ற பழைய வாசகத்தை விட்டுவிடுங்கள். மூத்தவர் ஹூஸ்டனில் இருப்பார், நடத்த ஆசைப்படும் மகள் அண்ணாநகரில் இருப்பார். இவ்வாறு எழுதலாம்: குடும்பத்திலிருந்து ஆணோ பெண்ணோ இருவருக்கு மேல் இருக்கக்கூடாது, எழுபத்தைந்து வயதில் விலக வேண்டும், தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பதவி காலி, காலியிடத்தை மற்றவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். வங்கிக் கணக்கில் இருவர் சேர்ந்து கையெழுத்து.

கட்டாயம் இருக்க வேண்டிய வேறு சில வரிகள்: டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது, கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள, வரிப் பதிவு பெற்ற வேறு அறக்கட்டளைக்குப் போகும், அறங்காவலருக்கோ வாரிசுக்கோ திரும்பாது. இந்த இரண்டும் இல்லாத பத்திரத்தை வருமான வரி அலுவலகம் கேள்வி கேட்டுத் திருப்பும்.

சொத்தை விற்கும் அதிகாரம் பற்றியும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் இடிந்த கட்டடத்தைக்கூட நீதிமன்றம் போகாமல் விற்க முடியாது. அளவில்லாமல் எழுதினால் ஒருநாள் பாதி விலைக்குப் போகும். “அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்து, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்புக்குக் குறையாமல், அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ அல்லாமல்” என்ற மூன்று வேலி போதும்.

6. பதிவு

தமிழ்நாட்டில் பொது டிரஸ்டுகளுக்கென்று தனிப் பதிவாளர் கிடையாது. பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதுதான் பதிவு. ஆரம்பத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் முதலைக் காட்டி டிரஸ்டைத் தொடங்குங்கள். அசையாச் சொத்து இல்லாததால் அது சார்பதிவாளரின் பதிவேடுகளில் நான்காம் புத்தகத்தில் பதிவாகும், செலவும் குறைவு.

வீட்டை இப்போதே டிரஸ்ட் பெயருக்கு எழுத நினைத்தால் கணக்கு மாறும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதும்போது கிடைக்கும் கட்டண உச்சவரம்புச் சலுகை டிரஸ்டுக்குக் கிடைக்காது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின் மேல் சதவீதக் கணக்கில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வரும். உயில் மூலம் போனால் முத்திரைத்தீர்வையே இல்லை. அதோடு, டிரஸ்டுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. உயிலைச் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆகவே எங்கள் யோசனை: சிறு முதலோடு டிரஸ்டை இப்போதே பதிவு செய்து, இரண்டு மூன்று வருடம் நீங்களே நடத்திப் பாருங்கள், பெரிய சொத்தை உயிலில் அதற்கு எழுதுங்கள். யார் கணக்கை ஒழுங்காக வைக்கிறார், யார் கூட்டத்தில் தூங்குகிறார் என்பதெல்லாம் உங்கள் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

பதிவுக்குத் தமிழகப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விவரம் ஏற்றி டோக்கன் எடுக்க வேண்டும். நிறுவுநர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள் எல்லோரும் அசல் ஆதாருடன் நேரில் வர வேண்டும். ஆதாரில் உள்ள எழுத்துப்படியே பத்திரத்தில் பெயர் இருக்கட்டும். முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால் பான் அட்டை வாங்கும்போது இழுத்தடிக்கும்.

7. வருமான வரி

டிரஸ்ட் பெயரில் பான், பிறகு வங்கிக் கணக்கு, அதன்பின் வருமான வரித் தளத்தில் தற்காலிகப் பதிவு. எல்லோரும் 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு விலக்கு தரும் பதிவு), 80ஜி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்ததில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. ஆடிட்டர் புது எண்ணைச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

தற்காலிகப் பதிவு மூன்று வருடத்துக்கு. அதற்குள் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்: செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முந்தியோ அது. புது டிரஸ்டுகள் பதிவை இழப்பது பெரும்பாலும் இந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான். பத்திரம் பதிந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வருமானத்தில் 85 சதவீதத்தை அறத்துக்குச் செலவழிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடி வாடகை மாதம் 15,000, வருடம் 1,80,000. இருபது லட்சம் வைப்புக்கு 7 சதவீதத்தில் 1,40,000. மொத்தம் 3,20,000. இதில் 85 சதவீதம் 2,72,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆடிட்டர் எல்லாமாக 45,000 என்றால், மீதி 2,27,000. ஆளுக்கு 25,000 வீதம் ஒன்பது மாணவர்களுக்குக் கொடுக்கலாம். மிஞ்சும் 15 சதவீதமான 48,000-ஐ முதலோடு சேருங்கள். சேர்க்காவிட்டால் பத்து வருடத்தில் கட்டணம் ஏறிவிடும், ஒன்பது பேர் ஐந்து பேராகிவிடுவார்கள்.

டிரஸ்ட் பணத்தைச் சீட்டில் போடுவதும், வட்டிக்கு விடுவதும், மருமகன் கம்பெனியில் பங்கு வாங்குவதும் கூடாது. வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் போன்ற சட்டம் சொன்ன இடங்களில்தான் இருக்க வேண்டும். டிரஸ்ட் வீட்டில் மகன் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பதும், அறங்காவலரின் பேரனுக்கு உதவித்தொகை கொடுப்பதும் விலக்கைக் கெடுக்கும். 80ஜி ரசீது தரும் நன்கொடையை ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். நன்கொடைப் பட்டியலை மே 31-க்குள் ஏற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு இருந்து தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் பிரச்சினையில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் பணம், அவர் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளையே ஆனாலும், அந்நியப் பங்களிப்புதான். அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி இல்லாமல் பத்து ரூபாய்கூட டிரஸ்ட் கணக்கில் விழக்கூடாது.

8. உயில்

உயிலை வெள்ளைத்தாளில் எழுதலாம். எழுதியவர் இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அறங்காவலராக வரப்போகிறவர் சாட்சியாக வேண்டாம். எழுதும் அறையிலும் வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பதிவான உயிலையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வர வேண்டும். வயது எழுபதைத் தாண்டியிருந்தால், உங்களைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டரை ஒரு சாட்சியாக்குவது நல்லது.

டிரஸ்டுக்கான வாசகம்:

“என் காலத்துக்குப் பின் ‘அ’ பட்டியல் வீட்டில் என் மனைவி தன் ஆயுள் உள்ளவரை குடியிருந்தும் வாடகை பெற்றும் அனுபவிக்க வேண்டியது. விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு உரிமையில்லை. அவர் காலத்துக்குப் பின் மேற்படி வீடு, இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் 4 புத்தகம், இன்ன ஆண்டு, இன்ன எண்ணாகப் பதிவான, இன்ன பான் எண் கொண்ட இன்ன அறக்கட்டளைக்கு முழு உரிமையுடன் சேர வேண்டியது.”

இதில் “ஜீவனாம்சத்துக்காக” என்ற சொல்லை நுழைத்துவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த ஆயுட்கால அனுபவம் அந்தப் பெண்ணின் முழுச் சொத்தாகவே மாறிவிடும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் இல்லாமலும் வாதம் கிளம்பக்கூடும். அதனால் மனைவிக்கு ஒரு தொகையை முழு உரிமையாகத் தனியே எழுதி, வீட்டைப் பற்றிய வரியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மனைவியும் தன் உயிலில் “எனக்கு இந்த வீட்டில் உரிமை ஏதும் இருந்தால் அது அறக்கட்டளைக்கே” என்று எழுதிவிட்டால் பூட்டு இரண்டாகிவிடும்.

பட்டியலில் சர்வே எண், கதவு எண், நான்கெல்லை, சதுர அடி எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடி வர வேண்டும். மாநகராட்சி கதவு எண்ணை மாற்றியிருந்தால் பழையதையும் புதியதையும் எழுதுங்கள்.

வங்கி வைப்புக்கு டிரஸ்டை நாமினியாகப் போட முடியாது, தனிநபர்தான் நாமினி. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை (நிறைவேற்றுநர்) யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவரையே நாமினியாக்கி, அந்தப் பணம் டிரஸ்டுக்கு என்று உயிலில் எழுதுங்கள். நாமினி வேறு ஆளாக இருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு, “எனக்குத்தான் கொடுத்தார்” என்பார்.

உயில் பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்யுங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் அசலை வைக்காதீர்கள்; லாக்கரைத் திறக்க உயில் கேட்பார்கள், உயில் லாக்கருக்குள் இருக்கும்.

9. பிறகு

நிறைவேற்றுநருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி வையுங்கள். இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி. வாடகைதாரருக்கு அறிவிப்பு. மாநகராட்சி வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் மூன்றையும் டிரஸ்ட் பெயருக்கு மாற்ற விண்ணப்பம். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றம். மதுரையில் உள்ள சொத்துக்கு மதுரையில் எழுதிய இந்து உயிலுக்கு மெய்ப்பிதழ் (உயில் உண்மையென்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை. வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால் அலுவலகத்தில் கோர்ட் உத்தரவு கேட்பார்கள். உயில் எழுதிய மறுநாளே பிள்ளைகளிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி உயிலோடு சேர்த்து வைத்தால் அந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமிருக்காது.

டிரஸ்ட் தடம் புரண்டால் அக்கறையுள்ள யாராவது இரண்டு பேர், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் நீதிமன்ற அனுமதி பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். உதவித்தொகை பெறும் மாணவரும் அந்த இருவரில் ஒருவராகலாம். அதனால் பத்திரத்தின் நகல் ஒன்றை அறங்காவலர் வீட்டு அலமாரிக்கு மட்டும் கொடுக்காமல், உதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.